நாற்பதுக்கு மேல் பல்கலைக்கழகம்: எந்தத் துறை, எந்த ஊர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, திருமணம், பிள்ளைகள் என்று பல ஆண்டுகள் ஓடிய பிறகு மறுபடியும் படிக்கப் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் நாற்பத்தொரு வயதில் விழுப்புரத்திலிருந்து போய்ப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்தேன். அதற்கு முன் சென்னை, சிதம்பரம், புதுச்சேரி என்று மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டில் நிறையப் பேசினோம். பிறகு தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரோடு உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டிருக்கிறேன். கலை, அறிவியல் பாடங்களில் முதுகலை, முனைவர் பட்டம் இரண்டைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன். பொறியியல், சட்டம், பி.எட். எல்லாம் வேறு கணக்கு.

இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். படிப்புகளுக்குப் பொதுவாக உச்ச வயது கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சியூஇடி-பிஜி நுழைவுத் தேர்வை எழுதவும் வயது தடையில்லை.

வயது குறுக்கே வருவது பண உதவியில்தான். தேசியத் தகுதித் தேர்வான நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு, அதாவது ஜேஆர்எஃப்-க்கு, உச்ச வயது 30. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. 2023 முதல் அந்தத் தொகை மாதம் 37,000 ரூபாய். முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட முடியாது. ஆகவே செலவு நம் கையிலிருந்துதான் என்று வைத்துக்கொண்டே ஊரைத் தேட வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது, பல்கலைக்கழகத்தையா ஊரையா?

துறையை. அப்புறம், நீங்கள் தங்கப்போகும் வீட்டுக்கும் அந்தத் துறையின் வகுப்பறைக்கும் உள்ள தூரத்தை. பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றாவதுதான்.

இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முன்னால் முப்பது, நாற்பது ஆண்டு வேலை வாழ்க்கை இருக்கிறது. பெயர் அவர்களுக்குக் கதவு திறக்கும். நமக்கு வேண்டியது வேறு. இரண்டு ஆண்டு விடாமல் வகுப்புக்குப் போக முடிய வேண்டும். பெரும்பாலான இடங்களில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத விட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து நடுவயதில் சேர்ந்து பாதியில் விட்டவர்கள் யாரும் பாடம் புரியாமல் விடவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைக்கு முதல் இரண்டு வகுப்பும் போயிற்று என்று இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்து விட்டுப்போனது.

அதனால் நான் எல்லோரிடமும் ஒரு தாளை எடுத்து எழுதச் சொல்வேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். காலையில் எத்தனை மணிக்கு எழுவது, யார் சமைப்பது, எந்த வண்டி, வகுப்பு எத்தனை மணிக்கு விடும், மாமியாரை மாதப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது, எப்போது படிப்பது. மனதில் இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி தாள். எழுதி முடிக்கும்போதே ஒன்றிரண்டு ஊர்கள் தாமாக விழுந்துவிடும்.

சென்னையா, புதுச்சேரியா, சிதம்பரமா?

வட மாவட்டங்களில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. எனக்கும் இதுதான் கேள்வியாக இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் துறைகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று பல வளாகங்கள். வரலாறு, பொருளியல் போன்றவை கடற்கரைப் பக்கம், அறிவியல் துறைகள் பெரும்பாலும் கிண்டியில், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில். "மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் எந்த வளாகம் என்றுதான் நான் முதலில் கேட்பேன். தாம்பரத்தில் வீடு எடுப்பவருக்குக் கிண்டி ஒரே மின்சார ரயில். சேப்பாக்கம் என்றால் பூங்கா நிலையத்தில் இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாற வேண்டும். தினமும் இரண்டு முறை மாறுவது முதல் மாதத்தில் தெரியாது, மூன்றாவது பருவத்தில் உடம்பு சொல்லும்.

சென்னையின் உண்மையான பலம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம், அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கோட்டூர்புரத்தில் 2010-ல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். வரலாறு, தமிழ் இலக்கியம், இதழியல் பக்கம் ஆய்வு செய்ய நினைப்பவருக்கு இதற்கு ஈடான ஊர் தமிழகத்தில் இல்லை. நூலகத்துக்கு வாரம் ஒருமுறையாவது போகப்போகிறவர் என்றால் சென்னையின் வாடகையைத் தாங்கலாம். பாடப்புத்தகம் படித்துத் தேர்வெழுதி எம்.ஏ. வாங்கினால் போதும் என்பவர் அந்த வாடகையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

வீட்டு முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 2017-ன் தமிழ்நாடு வாடகைச் சட்டம். நடைமுறையில் இன்னும் பத்து மாதம் கேட்கும் வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பேசிப் பாருங்கள். அந்தப் பணம் இரண்டு ஆண்டு முடங்கிக் கிடக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். ஊருக்குள் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போனால் காலாப்பட்டு. சேர்க்கை சியூஇடி-பிஜி மதிப்பெண்படி. வகுப்பில் கேரளம், ஒடிசா, வட மாநிலங்கள் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்வழியில் பட்டம் வாங்கிப் பதினைந்து, இருபது ஆண்டு கழித்து வருபவருக்கு முதல் பருவம் கனமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கனத்துக்குப் பலன் உண்டு; நான் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஊருக்குள் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தென்னிந்திய வரலாறு, சமூகம், சூழலியல் படிப்பவர்கள் அதன் நூலகத்தைத் தவறவிடக் கூடாது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. 2013-ல் மாநில அரசு அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்திலிருந்து வளாகம் நடக்கும் தூரம். தங்கிப் படிப்பதற்கென்றே கட்டிய இடம் என்பதால் வகுப்பு, நூலகம், விடுதி, சாப்பாட்டுக் கடை எல்லாம் அருகருகே. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே. தமிழ், மொழியியல், இசை மூன்றிலும் பழைய மரபு உண்டு. கடல் உயிரியல் என்றால் மட்டும் நீங்கள் போக வேண்டியது அண்ணாமலை நகர் இல்லை, பரங்கிப்பேட்டை. வீடு பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு இந்த மூன்றில் நான் சிதம்பரத்தைத்தான் சொல்வேன். வாடகை குறைவு. மருத்துவர், சந்தை, கோவில் எல்லாம் ஆட்டோ தூரத்தில். பகலில் அவர்களைத் தனியாக விட்டுப் போகப் பயம் இல்லை. ஆனால் படித்துக்கொண்டே பகுதிநேர வேலையும் வேண்டும் என்றால் சிதம்பரத்தில் கஷ்டம், அதற்குச் சென்னைதான்.

நான் புதுச்சேரியை எடுத்ததற்குக் காரணம் எளியது. விழுப்புரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போனாலும் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு.

மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், கோவை எப்படி?

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-ல் தொடங்கியது. தேனி சாலையில், நகரத்துக்கு மேற்கே பல்கலை நகர். மதுரையில் வீடு, பல்கலை நகரில் வகுப்பு என்று வைத்துக்கொள்வதைவிட நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வீடு பார்ப்பது நல்லது. நகரத்தில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நூலக வசதி இல்லை என்ற பழைய குறை பெரிதும் தீர்ந்தது.

குடும்பம் ஓர் ஊரில், படிப்பு ஓர் ஊரில் என்று பிரிந்து இருக்க வேண்டியவர்களுக்குத் திருச்சி நல்ல ஊர். எந்தத் திசைக்கும் ரயில் உண்டு. வெள்ளி மாலை கிளம்பினால் மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களுக்கு அன்று இரவுக்குள் போய்விடலாம். பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு (1982) நகருக்குள் காஜாமலையில் ஒரு வளாகம், புதுக்கோட்டைச் சாலையில் வெளியே பல்கலைப்பேரூரில் முதன்மை வளாகம். இங்கும் உங்கள் துறை எதில் என்று கேட்டுவிட்டுத்தான் வீடு பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர் எல்லோருக்குமான ஊர் இல்லை, ஆனால் சிலருக்கு வேறு ஊரே கிடையாது. ஓலைச்சுவடி, கல்வெட்டு இவற்றில் மனம் இருப்பவர்கள் 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். சரசுவதி மகால் நூலகமும் பெரிய கோவில் கல்வெட்டுகளும் அதே ஊரில். பணி ஓய்வுக்குப் பிறகு சுவடி படிக்க வந்தவர்களை நான் அங்கே பார்த்துப் பேசியிருக்கிறேன்; அவர்கள் முகத்தில் இருந்த நிறைவை மறக்க முடியாது.

திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், 2009-ல் வந்தது, ஊருக்கு வெளியே நீலக்குடியில். சேர்க்கை சியூஇடி-பிஜி வழியாக. சின்ன ஊர், அமைதி. படிப்பு தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று வருபவருக்குப் பொருந்தும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் படிக்க, இன்னொருவர் வேலை தேட வேண்டும் என்றால் கோவை. பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலைச் சாலையில் இருக்கிறது, ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை, வெயிலும் மற்ற ஊர்களைப் போல வாட்டாது.

பல்கலைக்கழகத் துறைதான் வேண்டுமா? ஊர்க் கல்லூரியில் எம்.ஏ. படித்தால் குறைவா?

குறைவில்லை. பலரும் யோசிக்காத வழி இது. திருச்சியில் ஒரு பழைய தன்னாட்சிக் கல்லூரியில் எம்.ஏ. படித்தாலும் உங்களுக்குப் பட்டம் கொடுப்பது பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான். கல்லூரி ஊருக்கு நடுவில் இருக்கும். சில கல்லூரிகளில் பிற்பகலில் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட் உண்டு. காலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய வசதி. பின்னால் பி.எச்டி. செய்வது உறுதி என்றால் பல்கலைக்கழகத் துறை நல்லது, ஆய்வு நடக்கும் சூழல் அங்கே கிடைக்கும். எம்.ஏ. மட்டும் போதும் என்றால் வீட்டுக்கு அருகில் உள்ள நல்ல கல்லூரியே போதும் என்பேன்.

தரவரிசை, நாக் (தேசிய மதிப்பீட்டுக் குழு) தரும் தரம் பார்க்க வேண்டாமா?

ஒருமுறை பாருங்கள், அதோடு விடுங்கள். அவை முழுப் பல்கலைக்கழகத்துக்கும் போடும் மதிப்பெண். நீங்கள் படிக்கப்போவது ஒரு துறையில், ஏழெட்டு ஆசிரியர்களிடம்.

அந்தத் துறை நல்ல துறையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பருவம் நடக்கும்போது, வார நாளில், நேரில் போங்கள். சேர்க்கை நாளில் போகாதீர்கள், அன்று எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். துறையின் அறிவிப்புப் பலகையில் கால அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாரத் தாளில் எழுத வேண்டிய முதல் விவரம் அதுதான்.

பிறகு இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். அட்டவணையில் இருக்கும் வகுப்புகள் உண்மையில் நடக்கின்றனவா? நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களில் மிக நன்றாகப் பாடம் நடத்துபவர்கள் உண்டு, அது வேறு. ஆனால் துறையில் நிரந்தர ஆசிரியர் இரண்டே பேர் என்றால் உங்களுக்குப் பிடித்த விருப்பப் பாடத்தை நடத்த ஆள் இருக்காது. தேர்வைத் தமிழில் எழுதலாமா, இணைய வகுப்பாக ஏதாவது நடக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பி.எச்டி. வரை போக நினைப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: எந்தப் பேராசிரியர் எப்போது ஓய்வு பெறுகிறார்? 2022-ன் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அவரை நம்பி எம்.ஏ. சேர்ந்து, முடித்துவிட்டுப் போய் நின்றால் அவரால் உதவ முடியாமல் போகும். நேரில் கேட்கத் தயங்க வேண்டாம், அலுவலகத்தில் சொல்வார்கள்.

குடும்பத்தையும் கூட்டிப்போவதா, தனியாகப் போவதா?

பிள்ளைகள் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் இருந்தால் அவர்களை நகர்த்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் கீழே என்றால் பள்ளி மாற்றுவது அவ்வளவு கடினம் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கிறது, நீங்கள் புதுச்சேரிக்குக் குடிபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டவைதான். புதுச்சேரி வேறு அரசு. அங்கே அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கும் மாறிவிட்டன. இரண்டு ஆண்டு அங்கே படிக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் பிள்ளையின் வாய்ப்பு போயிருக்கும். குடும்ப அட்டை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு எல்லாமும் இதே கதைதான்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. புதுச்சேரி நகருக்கும் காலாப்பட்டுக்கும் நடுவில் உள்ள கோட்டக்குப்பம் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வீடு எடுத்தால் பல்கலைக்கழகமும் பக்கம், பிள்ளையும் தமிழ்நாட்டுப் பள்ளியில் தொடரலாம். பலர் இதை அறியாமலே நகருக்குள் கூடுதல் வாடகைக்குப் போய்விடுகிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசுப் பல்கலைக்கழகங்களில் கலைப் பாடங்களுக்குக் கட்டணம் பெரிய தொகை இல்லை. பணம் போவது வாடகையிலும், வேலையை விட்டதால் வராமல் போகும் சம்பளத்திலும்தான். இரண்டு குடித்தனம் நடத்தினால் இன்னும் கூடும். ஊர் தேர்ந்தெடுக்கும்போது கட்டணப் பட்டியலை ஒப்பிடுவதைவிட வாடகையை ஒப்பிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு உதவி உண்டு. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. தினமும் போய்வரும் பாதையில் அந்தப் பேருந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ரயிலில் மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டுக்கு வயது வரம்பு இருப்பதால் நமக்கு அது கிடைக்காது. சாதாரண சீசன் டிக்கெட்டே மலிவுதான்.

கல்விக் கடன் பற்றிக் கேட்கிறார்கள். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தரலாம். ஆனால் நாற்பதுக்கு மேல் எம்.ஏ. படிக்கக் கடன் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடன் தேவைப்படும் அளவுக்குச் செலவு வந்தால் ஊரை மாற்றிப் பாருங்கள்.

விடுதியில் தங்க விடுவார்களா?

இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பிக்கும் முன் விடுதிக் காப்பாளரிடமே கேட்டுவிடுங்கள், துறையில் கேட்டால் சரியான பதில் வராது. ஒரு அறையில் மூன்று நான்கு பேர், இரவு ஒரு மணிவரை பேச்சு என்றால் நம்மால் முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். வேலையையும் தொடரும் பெண்கள் அரசு நடத்தும் தோழி விடுதிகளைப் பார்க்கலாம். திருச்சி, தஞ்சாவூர், விழுப்புரம், தாம்பரம் முதலிய ஊர்களில் இருக்கின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு, தொலைநிலையில் படித்தால் போதாதா?

பதவி உயர்வுக்கோ, பட்டம் இருக்கிறது என்று காட்டவோ என்றால் போதும். அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யூஜிசி சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. அந்த ஆண்டில், அந்தப் படிப்புக்கு உண்டா என்று யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் பார்க்க வேண்டும். பழைய, பெரிய பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகளுக்கே சிக்கல் வந்ததுண்டு. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அரசு வேலையில் தடை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

பாடத்தின் மேல் ஆசை வந்து படிக்க நினைக்கிறீர்கள் என்றால், முடிந்தவரை நேரில் போய்ப் படியுங்கள். வகுப்பில் ஒருவர் கேட்கும் கேள்வி, டீக்கடையில் தொடரும் விவாதம், ஆசிரியர் கையில் எடுத்துத் தரும் புத்தகம், இதெல்லாம் தபாலில் வராது.

வேலையை விடாமல் பி.எச்டி. செய்ய முடியுமா?

முடியும். 2022 ஒழுங்குமுறை பகுதிநேர பி.எச்டி.யை அனுமதிக்கிறது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு ஆண்டு உண்டு. எம்.ஃபில். இப்போது இல்லை, "முதலில் எம்.ஃபில். சேர்ந்து பார்க்கலாம்" என்ற பழைய யோசனையை விட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் பாடவேலை (கோர்ஸ் வொர்க்) இருக்கும், அதற்கு நேரில் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு பருவமும் ஆய்வுக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். தினப் பயணம் இல்லாததால் தூரத்தில் ஒரு நெறியாளரை, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரை, பிடித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகுதிநேர ஆய்வு நின்றுபோவது நெறியாளரைப் பார்க்காமல் மாதங்கள் ஓடுவதால்தான். சனிக்கிழமை காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் ஒருவரைத் தேடுங்கள்.

பழைய சான்றிதழ்களில் என்னென்ன சிக்கல் வரும்?

நிறைய வரும், ஆகவே ஆறு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறு. திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்று வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பழைய கல்லூரியில் நகல் கேட்க வேண்டும், அதற்குக் காவல் துறையிடம் தொலைந்தது பற்றிய சான்று வாங்க வேண்டியிருக்கும். இடையில் என்ன செய்தீர்கள் என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்கும் இடங்களும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்று போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுபவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் ஓடுகிறார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார ஒரு மாதிரி இருக்காதா?

முதல் இரண்டு வாரம் இருக்கும். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். அப்புறம் "அக்கா", "அண்ணா" ஆகிவிடுவோம். ஆசிரியர் நம்மைவிட இளையவராக இருக்கலாம். அவர் "சார்"தான், "மேடம்"தான், அதில் கூச்சம் வேண்டாம். பிள்ளைகள் நமக்குக் கணினியும் மேற்கோள் போடுவதும் சொல்லித் தருவார்கள். நாம் கேட்கும் கேள்விகளால் அவர்களுக்கும் பாடம் நன்றாக நடக்கும். வெளிமாநில மாணவர்கள் அதிகம் உள்ள வளாகங்களில் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது நான் கண்டது.

இரண்டு இடத்துக்கும் விண்ணப்பித்து, இரண்டிலும் கிடைத்தால்?

விண்ணப்பிக்கும்போதே அப்படித்தான் செய்ய வேண்டும். சியூஇடி-பிஜி தேர்வு அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை கோடையில்தான் சூடுபிடிக்கும். புதுச்சேரியோ திருவாரூரோ மனதில் இருந்தால் டிசம்பரிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். மே மாதத்தில் முடிவெடுத்துக் கேட்பவர்களுக்கு அந்த இரண்டு ஊரும் அந்த ஆண்டு இல்லை.

முதலில் கிடைத்த இடத்தில் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு விரும்பிய இடம் வந்தால் மாறலாம். கட்டணத்தைத் திருப்பித் தர யூஜிசி ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தேதி சொல்கிறது. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் சேர்ந்த இடத்திலேயே இருக்கும், விலகும்போதுதான் கைக்கு வரும். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து, தேதியோடு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் திரும்பி வரத் தாமதமானால் கேட்பதற்கு அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.